பாறையும் அலையும்: கடலைப் படம் பிடிக்கக் கற்போம்



கிழக்குக் கரைக்கு முகாம் போய் வந்த யாருடைய கைப்பேசியையாவது வாங்கிப் பாருங்கள். சூரிய உதயப் படம் நாற்பது இருக்கும். நாற்பதும் ஏறக்குறைய ஒரே படம்தான். நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு, கீழே கறுப்பாக ஒரு பட்டை, கடல்கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். நேரில் நின்றபோது இருந்த காற்று, பாறையில் தண்ணீர் மோதிய சத்தம், விடியுமுன் இருந்த அந்த நீலம், எதுவும் அதில் இருக்காது. அதைப் படத்துக்குள் கொண்டு வருவது எப்படி என்பதுதான் இம்மாதப் பாடம்.

வெறும் மணல் கரையைப் பற்றிப் பேசப் போவதில்லை. பாறைக் கரைதான் நம் வகுப்பறை. நான் பகாங்கில் பொறியியல் படிக்கிறேன். எனக்குப் பக்கத்தில் இருப்பது குவாந்தான் பட்டணத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில் உள்ள தெலுக் செம்பெடாக். அங்கே மணல் முடியும் இடத்தில் கருங்கல் பாறைகள் தொடங்கிவிடும். அவற்றை ஒட்டியே தெலுக் தொங்காங் வரை ஒரு நடைபாதை போகிறது. எதிரே தென்சீனக் கடல். திரெங்கானுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கெமாசிக் இருக்கிறது. அந்தப் பாறைகளுக்காகவே நாட்டின் பல மூலைகளிலிருந்தும் படம் எடுப்பவர்கள் தேடி வருகிறார்கள். எங்கே போனாலும் பாடம் ஒன்றுதான்.

கேமராவுக்கு முன்னால் கடல்

தெலுக் செம்பெடாக்கில் தூண்டில் போட வரும் ஒரு பாக்சிக்கைப் பார்த்திருக்கிறேன். வந்ததும் பாறையில் இறங்க மாட்டார். வாளியை மேலேயே வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். கால் மணி நேரம், இருபது நிமிடம்கூட ஆகும். ஏன் என்று கேட்டேன். "தெங்ஙோக் டூலு, டிக்" என்றார். முதலில் பார், தம்பி. அவ்வளவுதான் விளக்கம்.

அவர் அனுபவத்தில் சொன்னதைக் கடலோரப் பொறியியல் கணக்கில் சொல்கிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

வானிலை அறிவிப்பில் அலை உயரம் 1.5 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். எல்லா அலையும் ஒன்றரை மீட்டர் என்று அதற்குப் பொருளில்லை. பொதுவாக இந்த எண்ணை இப்படித்தான் எடுக்கிறார்கள்: வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிரித்து, அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த எண்ணைவிட உயரமான அலைகள் வந்துகொண்டேதான் இருக்கும். ஆயிரம் அலை வந்தால், அதில் மிக உயரமான ஒன்று அறிவித்த உயரத்தைப்போல ஏறக்குறைய 1.9 மடங்கு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஒன்றரை மீட்டர் என்று சொன்ன கடலில், கிட்டத்தட்ட மூன்று மீட்டர்.

இப்போது நேரத்தைக் கணக்குப் போடுவோம். ஆறு விநாடிக்கு ஓர் அலை என்றால், ஆயிரம் அலை வர 6,000 விநாடி, அதாவது 100 நிமிடம். நாம் விடியற்காலை ஆறு மணிக்குப் போய் ஏழே முக்கால் வரைக்கும் நிற்கிறோம். அந்த ஒன்று நம் நேரத்துக்குள்ளேயே வரக்கூடியது. "அரை மணி நேரமா இந்தப் பாறைக்குத் தண்ணியே வரல" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சில் எந்த உத்தரவாதமும் இல்லை. அது இன்னும் வரிசையில் நிற்கிறது.

அலையின் ஆற்றல் உயரத்தோடு சமமாக ஏறுவதில்லை. உயரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஆயிரம் கிலோவுக்கு மேல், ஏறக்குறைய ஒரு மைவி கார். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று நினைப்பவர்கள், அந்தக் காரை யாரோ தங்கள் காலில் தள்ளுவதாக நினைத்துப் பார்க்கட்டும்.

அதனால் முதல் இருபது நிமிடம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். உயரமான இடத்தில் நின்று, எந்தப் பாறை வரை தண்ணீர் ஏறுகிறது என்று பாருங்கள். பாறையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஈரமாக, கறுப்பாக, வழவழவென்று இருக்கும் பட்டை தண்ணீர் அடிக்கடி வந்து போகும் இடம். அங்கேதான் கால் வழுக்கும். சிறு சிப்பிகளும் கொட்டலசும் ஒட்டியிருக்கும் உயரம் வரை கடல் தினமும் வருகிறது. நிற்பதற்குத் தேடவேண்டியது அதற்கெல்லாம் மேலே, காய்ந்து வெளுத்திருக்கும் கல். அதிலும் திரும்பி ஏற வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நிற்க வேண்டும். சிலிப்பர் வேண்டாம், பிடிமானமுள்ள சப்பாத்து போடுங்கள். தனியாகப் போகாதீர்கள். ஒருவர் திரையைப் பார்க்கும்போது இன்னொருவர் கடலை மட்டும் பார்க்க வேண்டும். அவர் "ஏறு" என்றால், படம் பாதியில் இருந்தாலும் ஏறிவிட வேண்டும். டிரைபாட் போனால் போகட்டும். நடைபாதையை மூடியிருந்தால், மூடியதுதான். வேலியைத் தாண்டி எடுத்த படத்துக்கு நான் 'லைக்' போடுவதில்லை.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். மெட் மலேசியா பலத்த காற்று, கொந்தளிக்கும் கடல் என்று எச்சரிக்கை விட்டிருந்தால், பாறையில் இறங்கும் பேச்சே வேண்டாம். ஆனால் படம் எடுக்காமல் வீட்டில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெரிய அலைப் படங்கள் அந்த மாதங்களில்தான் கிடைக்கும். உயரமான, தள்ளிய இடத்தில் நின்று, 200 மில்லிமீட்டர் போன்ற நீள லென்ஸில் எடுங்கள். நீள லென்ஸ் தூரத்தில் உள்ளதை ஒன்றோடு ஒன்று நெருக்கிக் காட்டும். பாறைக்குப் பின்னால் எழும் அலை மலைபோல் தெரியும். கிட்டப்போய் அகல லென்ஸில் எடுத்தால் அதே அலை குட்டையாகத்தான் விழும். பத்திரமான இடத்திலிருந்துதான் அலை பெரிதாகத் தெரிகிறது, பாருங்கள்.

எப்போது போவது

நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேராகவே மேலே ஏறும். நிமிடத்துக்குக் கால் பாகை. ஐரோப்பாவில் எடுத்த காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் 'தங்க நேரம்' ஒரு மணி நேரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். இங்கே அது அரை மணி நேரம்தான். விடியலுக்கு முந்தைய நல்ல நீல வெளிச்சமும் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். குவாந்தானில் சூரியன் மாதத்தைப் பொறுத்து ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ எழும். நீங்கள் ஆறு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். அந்த இருபது நிமிடக் கடல் பார்வையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாசி லெமாக்கைத் திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம். கையில் பொட்டலத்தோடு போனால் தெலுக் செம்பெடாக் குரங்குகள் அதை உங்களுக்காகச் சாப்பிட்டுவிடும், பையையும் சோதனை போடும்.

வெளிச்சம் பாதி, ஏற்ற இறக்கம் மீதி. ஒரே பாறை, தண்ணீர் ஏறியிருக்கும்போது தீவாகவும், வற்றியிருக்கும்போது சேற்றில் நிற்கும் கல்லாகவும் தெரியும். நம் வீட்டு நாள்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் சிவப்பிலும் கறுப்பிலும் போட்டிருக்கும் அல்லவா? பூமி, சூரியன், நிலா மூன்றும் ஒரே வரிசையில் வரும் நாள்கள் அவை. அந்த நாள்களிலும் அடுத்த ஓரிரு நாள்களிலும் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக அதிகம். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் குறைவு. அம்மாவிடம் கேட்டாலே பாதி திட்டம் கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு ஓத அட்டவணை வேண்டும். கிழக்குக் கரையில் ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் சம உயரத்தில் வருவதில்லை, அதனால் நாள்காட்டி மட்டும் போதாது. நில அளவை, வரைபடத் துறையான ஜூபெம் ஆண்டுதோறும் அந்த அட்டவணையை வெளியிடுகிறது. கைப்பேசிச் செயலிகளும் உண்டு. நான் பெரும்பாலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும் காலை நேரத்தைத்தான் தேடுவேன். ஈரமான பாறை வெளியே வந்து மின்னும், நிற்கும் இடமும் நிமிடத்துக்கு நிமிடம் பத்திரமாகிக்கொண்டு போகும். ஏறும் தண்ணீரில் அது நேர்மாறு. வந்த வழியே பின்னால் மூடிக்கொள்ளும்.

அலைக்கு எத்தனை விநாடி

கடற்கரைப் படத்தில் உண்மையான முடிவு ஷட்டர் வேகம்தான். மற்றதெல்லாம் அதற்கு உதவி.

1/1000 விநாடியில் எடுத்தால் அலை கண்ணாடித் துண்டுகளாக உறைந்து நிற்கும். பருவக்காற்றுக் காலத்தின் கோபத்துக்கு அது சரி. 30 விநாடி திறந்து வைத்தால் தண்ணீர் பனிமூட்டமாகிவிடும். பார்க்க அழகு. ஆனால் எனக்கு அதில் ஒரு குறை: எந்த ஊர்க் கடலும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. தென்சீனக் கடலா, குளமா என்று தெரியாது. நான் அதிகம் விரும்புவது கால் விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை. தண்ணீர் நூல் நூலாகத் தெரியும், ஆனால் அலையின் உருவம் கலையாது.

இதில் ஒரு சின்ன நுணுக்கம். எல்லோரும் அலை வரும்போது பட்டனை அமுக்குவார்கள். வரும் அலை ஒரு வெள்ளைத் திரை, அவ்வளவுதான். அது மோதி, திரும்பி வடியும்போது அமுக்கிப் பாருங்கள். நுரை ஒவ்வொரு கல்லையும் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு கடலை நோக்கி இழுபடும். அந்தக் கோடுகள் பார்ப்பவரின் கண்ணைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகும். மணலில் டிரைபாட் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: தண்ணீர் வடியும்போது கால்களுக்கு அடியில் மணலும் நகரும், கேமரா மெல்ல இறங்கும், படம் மங்கும். கால்களை முதலிலேயே ஆழமாக அழுத்தி ஊன்றுங்கள், அல்லது கல்லின் மேல் வையுங்கள்.

விடியுமுன் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்று வைத்தாலே அரை விநாடி, ஒரு விநாடி தானாகக் கிடைத்துவிடும். மாணவர்களுக்கு அதுதான் இலவச ஃபில்டர். சூரியன் எழுந்த பிறகும் அதே வேகம் வேண்டும் என்றால் என்டி ஃபில்டர் தேவை. கணக்கு எளிது. ஒவ்வொரு 'ஸ்டாப்'பும் நேரத்தை இரட்டிக்கும். ஆறு ஸ்டாப் என்றால் 64 மடங்கு: 1/60 விநாடி ஏறக்குறைய ஒரு விநாடியாகும். பத்து ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு: 1/30 விநாடி 34 விநாடியாகும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆறு ஸ்டாப் வாங்குங்கள். கேமராவே இல்லையா? கவலை வேண்டாம். ஐபோனில் 'லைவ்' படம் எடுத்து அதில் 'லாங் எக்ஸ்போஷர்' தேர்ந்தெடுத்தால் தண்ணீர் இழுபடும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் 'புரோ' பகுதியில் ஷட்டரை நாமே வைக்கலாம். கைப்பேசி அசையாமல் இருக்க ஒரு கல்லும் சப்பாத்தும் போதும்.

முன்னால் உள்ள கல்லும் தூரத்துக் கடல்கோடும் இரண்டுமே கூர்மையாக வேண்டும் என்றால், எங்கே ஃபோகஸ் செய்வது? சாதாரண ஏபிஎஸ்-சி கேமராவில் கிட் லென்ஸை 18 மில்லிமீட்டரில், எஃப் 11-இல் வைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்துக் கல்லில் ஃபோகஸ் செய்தால், சுமார் 75 சென்டிமீட்டரிலிருந்து கடல்கோடு வரை போதிய கூர்மை கிடைக்கும். எஃப் 22 வைத்தால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள். துளை மிகவும் சிறுத்தால் ஒளி அதன் ஓரத்தில் வளைந்து பரவி, படம் முழுக்கவே மென்மையாகிவிடும்.

வானம் வெளுத்துப் போவது

படத்தில் பாறை தெரிந்தால் வானம் வெள்ளை, வானம் தெரிந்தால் பாறை கறுப்பு. இது நம் கைப்பேசியின் குறை மட்டும் இல்லை. 1850களிலேயே இந்தப் பிரச்சினை இருந்தது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு நீல ஒளிதான் அதிகம் உறைக்கும். கடலுக்குச் சரியான நேரம் கொடுத்தால் வானம் முழுக்க வெளுத்துவிடும். பிரான்ஸ் நாட்டு குஸ்தாவ் லெ கிரே 1856, 1857-இல் நார்மண்டிக் கரையிலும் மத்தியதரைக் கடலோர செத் நகரிலும் கடலைப் படம் எடுத்தவர். அவர் சில படங்களுக்குக் கண்டுபிடித்த வழி: வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ், இரண்டையும் கடல்கோட்டில் சேர்த்து ஒரே தாளில் அச்சிடுவது. இன்று கைப்பேசி 'எச்டிஆர்' என்று கண் சிமிட்டும் நேரத்தில் செய்வதன் தாத்தா அது.

நமக்கு வழி இதுதான். படத்தை 'ரா' வடிவத்தில் எடுங்கள். வானம் வெளுக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். திரையில் ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் சுவரில் மோதாமல் இருந்தால் சரி. வெளுத்த இடத்தில் தகவலே இருக்காது, திரும்பக் கிடைக்காது. இருண்ட பாறையைப் பிறகு கணினியில் ஓரளவு தூக்கிக்கொள்ளலாம். வித்தியாசம் ரொம்ப அதிகம் என்றால் டிரைபாட்டை அசைக்காமல் வெவ்வேறு வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்துச் சேருங்கள். லெ கிரே ஒரே வானத்தை வேறு வேறு கடல்களுக்கும் ஒட்டியிருக்கிறார். இன்றைய செயலிகள் ஒரு தட்டில் வானத்தையே மாற்றித் தருகின்றன. என் கருத்து: அதே காலை, அதே இடத்து வானமும் கடலும் சேர்ந்தால் அது நாம் பார்த்தது. செவ்வாய்க்கிழமைக் கடலுக்கு வேறு ஊர் வானத்தை மாட்டினால், அது சுவரொட்டி. சுவரொட்டி செய்வதும் ஒரு தொழில்தான், ஆனால் ஆறு மணிக்கு எழுந்திருக்கத் தேவையில்லை.

ஒரே பாறை

படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஊர் ஊராகப் போகும் ஆசை வரும். அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் வேறு மாதிரி. 1929-இல் கலிஃபோர்னியாவின் கார்மெல் ஊருக்குக் குடிபோனார். பக்கத்தில் பாயின்ட் லோபோஸ் என்ற பசிபிக் பாறைக் கரை. அரிக்கப்பட்ட கல், கரையொதுங்கிய கடற்பாசி, முறுக்கிய சைப்ரஸ் மரம் என்று அந்த ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் எடுத்தார். நடுக்குவாதம் வந்து கை ஓயும்வரை எடுத்தார். 1948-இல் அவர் எடுத்த கடைசிப் படங்களும் அங்கேதான். அவரும் ஆன்சல் ஆடம்ஸும் இன்னும் சிலரும் 1932-இல் சேர்ந்த குழுவுக்கு 'எஃப் 64' என்று பெயர். பெரிய தகடு கேமராவில் அந்தச் சிறு துளை முன்னும் பின்னும் எல்லாவற்றையும் கூர்மையாகக் காட்டும். நம் சின்ன கேமராவுக்கு அது ஒத்து வராது என்பதை மேலேயே பார்த்தோம். எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் திரும்பத் திரும்பப் போன பழக்கத்தை.

ஆகவே பயிற்சி இது. உங்களுக்குப் பக்கத்தில் உள்ள கரையில் ஒரு பாறையைத் தேர்ந்தெடுங்கள். நாலு முறை போங்கள்: தண்ணீர் ஏறியிருக்கும் காலை, இறங்கியிருக்கும் காலை, மழை விட்ட பிறகு, மேகம் மூடிய நாள். ஏற்றக் காலையில் மேலே நின்று எடுத்தால் போதும். ஒவ்வொரு முறையும் பத்துப் படத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுக்கும் முன், சூரியனை மறந்துவிட்டு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஒரு பிளவு, ஒரு குட்டை, வெள்ளைக் கோடு ஓடும் ஒரு கல். கேமராவை இடுப்பு அளவுக்கு இறக்கினால் அந்தச் சின்னக் கல்லே படத்தின் கதாநாயகன். கடல்கோட்டை நடுவில் வைக்காமல், எது சுவாரஸ்யமோ, வானமோ பாறையோ, அதற்கு அதிக இடம் கொடுங்கள். கோடு நேராக இருக்கிறதா என்று மட்டும் இரண்டு முறை பாருங்கள், கடல் சாய்ந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். நாலு முறைக்குப் பிறகு நாற்பது படங்களில் நாலை அச்சிட்டு, உங்கள் கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு போய், எதை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று சொல்லாமல் காட்டுங்கள். பார்ப்பவர்கள் காற்றையும் நேரத்தையும் சரியாகச் சொல்கிறார்களா என்று கேளுங்கள்.

கேமரா சாமான்களைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏர்கோன் அறையிலிருந்து நேராகக் கரைக்குக் கொண்டு வந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பைக்குள்ளேயே மூடி, அரை மணி நேரம் வெளிக்காற்றுக்குப் பழக விடுங்கள். கடல் தூவல் பட்ட லென்ஸைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணி, பிறகு காய்ந்த துணி. பையில் இரண்டு துணிகள் தனித்தனிப் பொட்டலத்தில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் தூக்கம் வரும், ஆனாலும் டிரைபாட்டின் கால்களை முழுக்க நீட்டி, குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காய வையுங்கள். மணல் உள்ளே இருந்தால் அடுத்த வாரம் அது திறக்காது.